நாற்பது நிமிடத்தில் முடியும் பருவம்

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி நம்ம பத்திரிகையில் எழுத என்ன இருக்கு என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு, சாதிச் சான்றிதழ் என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது பந்து ஒரு கேடா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த உடம்பு உழைப்பதற்கு, எந்த உடம்பு விளையாடுவதற்கு என்று பிரித்து வைத்ததும் சாதிதானே? கொழுந்துக் கூடை சுமக்கிற முதுகு வேறு, கூடையில் பந்து போடுகிற கை வேறு என்று இந்தச் சமூகம் முடிவு பண்ணி வைத்திருக்கிறது. அந்த முடிவு எங்கே, எந்த மாதத்தில், யாருடைய கையெழுத்தும் இல்லாமல் அமலாகிறது என்று பார்க்க வேண்டியது நம்ம வேலை. அதைப் பார்க்கத் தோதான இடம் சேரம்பாடி. தோதான காலம் ஒரு கல்லூரி அணியின் பருவத் தொடக்கம்.

விளையாட்டுப் பக்கம் போடுகிற பத்திரிகைக்குக் கோப்பையைத் தூக்கும் நாள் மட்டும்தான் கண்ணில் படும். ஆடுகிற பெண்ணுக்கு எல்லாமே ஜூன் மாதத்தில் தொடங்கிவிடுகிறது. கல்லூரி திறக்கும். போன வருஷம் ஆடியவர்களில் சிலர் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள். புதுசாக வந்தவர்களில் யாருக்குப் பந்து தட்டத் தெரியும், யாருக்கு மூச்சு நிற்கும் என்று உடற்கல்வி இயக்குநர் பார்ப்பார். களத்தில் 5 பேர், பட்டியலில் 12 பேர். முதலில் ஓட்டம், உடம்பை இறுக்குகிற பயிற்சி. அப்புறம் பந்து. ஒரே இடத்தில் நின்று நூறு தடவை, இருநூறு தடவை வளையத்துக்கு எறிய வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவள் எந்தப் பக்கம் வெட்டுவாள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிய வேண்டும். 24 விநாடிக்குள் பந்தை வளையத்துக்கு அனுப்பியாக வேண்டிய ஆட்டம் இது. யோசித்துக்கொண்டு நிற்க நேரம் கிடையாது. கைக்கும் காலுக்கும் பழகியிருந்தால்தான் உண்டு. அந்தப் பழக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறது. பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள். அதில் தேறியவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி. அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். தொடக்கத்தில் தவறிய பெண்ணுக்கு இந்த ஏணியின் மேல்படி கண்ணிலேயே படாது.

இப்ப சேரம்பாடிக்கு வாங்க. நீலகிரி என்றால் ஊட்டிப் பூங்காவும் குன்னூர் ரயிலும் என்று நினைக்கிறவர்களுக்குச் சேரம்பாடி தெரியாது. பந்தலூர் தாலுகாவின் மேற்கு ஓரம். தாண்டினால் வயநாடு. தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிகுதியாகக் கொட்டுகிற இடங்களைச் சொல்லச் சொன்னால் வால்பாறைப் பக்கத்தோடு தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பெயர்களும் சேர்ந்து வரும். ஜூனில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் மழை விடுமுறை என்று கலெக்டர் அறிவிப்பது வருஷா வருஷம் நடப்பதுதான். திறந்த வெளியில் சிமெண்டுத் தளம் போட்டு இரண்டு கம்பம் நட்டு வைத்தால் அதன் பெயர் ஆடுகளம் ஆகிவிடாது. இந்த மழையில் அதில் பாசி பிடிக்கும். நனைந்த பந்து தரையில் எழும்பாது, கையில் நிற்காது. ஓடித் திரும்புகிற பெண்ணுக்குக் கணுக்கால் பிசகும். கோவை, சென்னைக் கல்லூரிகளின் அணிகள் மாலை மாலையாகப் பழகுகிற அதே மூன்று மாதமும் இங்கே தளம் தண்ணீருக்குள் கிடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. கூடைப்பந்து பிறந்ததே கூரைக்காகத்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். குளிர்காலத்தில் பையன்கள் வெளியே ஆட முடியவில்லை, உள்ளே ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடி என்றார்கள். அவர் பீச் பழக்கூடை இரண்டை மாடத்தில் ஆணியடித்து மாட்டினார். வானிலை மோசமான ஊருக்கென்றே உண்டாக்கிய விளையாட்டு. அது நம்ம மாநிலத்தில் வானிலை மோசமான மூலைக்கு வரும்போது மட்டும் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறது.

அந்த மூலையில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்தால் ஏன் என்று புரியும். மலையேறிப் பிழைக்கப் போன நம்ம சனங்கள் இலங்கையில் தேயிலையும் காப்பியும் போட்டுக் கொடுத்தார்கள். 1948இல் அந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக ஆனது. டேன்டீ என்போம். சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி, பாண்டியாறு, தேவாலா என்று அதன் பிரிவுகள் இந்தத் தாலுகாவிலும் பக்கத்துக் கூடலூரிலும் பரந்து கிடக்கின்றன. இங்கே வந்தும் அவர்களுக்குச் 'சிலோன்காரன்' என்ற பெயர் போகவில்லை. இவர்களுக்கும் முன்பே இந்த மண்ணில் இருந்த பணியரும் காட்டுநாயக்கரும் சொந்தக் காட்டிலேயே கூலிகளாகிக் கிடக்கிறார்கள்.

இந்த லயன் வீட்டிலிருந்து ஒரு பொண்ணு கல்லூரிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் கூடலூர். பந்தலூர், தேவாலா, நாடுகாணி வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல். அம்மா விடிந்ததும் பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். வீட்டில் ரொட்டி தட்டி, தண்ணி பிடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு இவள் பஸ் பிடிக்க வேண்டும். கல்லூரி முடிகிற நேரத்தில்தான் அணிக்குப் பயிற்சி தொடங்கும். இவளுக்கோ அது பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாலும் லயனுக்கு இருட்டில் நடக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அது யானை நடக்கிற வழி. 2020 டிசம்பரில் மூன்று உயிர்களைக் குடித்த யானையை 2021 பிப்ரவரியில் சேரம்பாடியில்தான் பிடித்தார்கள். அதனால் சாயங்காலப் பயிற்சிக்கு இருக்கட்டுமா என்று மகள் கேட்டால் எந்த அம்மா சம்மதிப்பாள்? இதைப் 'பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுகிறவர்கள் ஒரு நாள் அந்த வழியில் நடந்து பார்க்கட்டும்.

சரி, எல்லாவற்றையும் மீறி இந்தப் பக்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு அணி ஆகிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் போட்டிக்கு மலை இறங்கிப் போகிறார்கள். மழையில் மூன்று மாதம் பந்தைச் சரியாகத் தொடாத கை. எதிரில் ஆறாம் வகுப்பிலிருந்து ஆடுகிற அணி. நம்ம ஊர்ப் போட்டிகள் பலவற்றில் முதல் சுற்றுகள் நாக்அவுட் முறை. தோற்றால் வெளியே. நாலு கால்பகுதி, ஒவ்வொன்றும் 10 நிமிடம். ஆக 40 நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தோடு அந்த அணியின் பருவம் முடிந்தது. அடுத்த ஜூன் வரைக்கும் ஒன்றும் கிடையாது. அடுத்த ஜூனிலும் மழை வரும்.

பருவத் தொடக்கம் என்பதே தோற்றுக் கற்றுக்கொள்வதற்கான காலம். முதல் தோல்வியில் எங்கே இடைவெளி விழுகிறது என்று தெரியும். இரண்டாவதில் அதை அடைக்கப் பார்ப்பார்கள். மூன்றாவதில் ஒரு கால்பகுதியாவது சமமாக ஆடுவார்கள். தோற்க வாய்ப்புக் கொடுத்தால்தான் அணி அணியாகும். வசதியானவர்கள் பயிற்சி ஆட்டங்களிலும் கிளப் போட்டிகளிலும் ஐந்து தடவை தோற்றுத் தேறிவிட்டு வருகிறார்கள். இல்லாதவர்கள் ஒரே ஒரு தடவை, அதுவும் கணக்கில் ஏறுகிற இடத்தில் தோற்கிறார்கள். அதற்குத் 'தகுதி', 'திறமை' என்று பெயர் வைக்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தையும் இடஒதுக்கீட்டு விவாதத்திலும் நம்ம மேல் வீசப்பட்ட வார்த்தைகள்தான். பழைய சரக்கு, புதுப் பொட்டலம்.

வேறு மாதிரி நடக்க முடியுமா? நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டெல்டா ஸ்டேட் என்று ஒரு கல்லூரி. பருத்திக்காட்டு நாடு. அடிமைகள் பருத்தி எடுத்த மண். அந்தக் கல்லூரியில் இருந்த பெண்கள் கூடைப்பந்து அணியை, பெண்களுக்கு இது தாங்காது என்று சொல்லி 1932இல் கலைத்தார்கள். ஆடிய பெண்கள் கோபத்தில் தங்கள் சீருடைகளைக் கொளுத்தினார்கள். அவர்களில் ஒருவர் மார்கரெட் வேட். பாலின அடிப்படையில் கல்வி நிலையங்களில் பாகுபாடு கூடாது என்று 1972இல் சட்டம் வந்தது. 1973இல் அதே கல்லூரி அணியை மறுபடி தொடங்கியது. பயிற்சியாளராக அதே மார்கரெட் வேட். மின்டர் சிட்டி என்ற ஊரிலிருந்து பருத்தி எடுத்து வளர்ந்த குத்தகை விவசாயி வீட்டுக் கறுப்பினப் பெண் லூசியா ஹாரிஸ் அந்த அணிக்கு வந்தார். அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பர். 1974-75 பருவத்தில் அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இறுதியில் அதுவரை சாம்பியனாக இருந்த இம்மாக்குலேட்டா கல்லூரியை 90-81 என்று வென்றது. 1975, 76, 77 என்று மூன்று வருஷம் தேசிய சாம்பியன். 1976இல் மாண்ட்ரியாலில் பெண்கள் கூடைப்பந்து முதல் தடவையாக ஒலிம்பிக்கில் நுழைந்தபோது முதல் புள்ளியைப் போட்டது லூசியா ஹாரிஸ். 2022 ஜனவரியில் இறந்துபோனார்.

பருத்திக்காட்டிலிருந்து ஒலிம்பிக் வரை என்று இதை ஒரு அதிசயக் கதையாகச் சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவது சுலபம். கவனியுங்கள். திறமை பருத்திக்காட்டில் 1932இலும் இருந்தது, 1952இலும் இருந்தது. இல்லாமல் இருந்தது சட்டமும் காசும் கல்லூரிக் கதவும். அவை வந்து இரண்டாவது வருஷத்திலேயே அணி தேசத்தை ஜெயித்துவிட்டது.

பெண் என்பதற்காகப் போட்ட வேலியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1892இல் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தபோது விதிகளை மாற்றினார். களத்தை மூன்று கட்டமாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். அவளவள் தன் கட்டத்தை விட்டுத் தாண்டக்கூடாது, எதிரியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக்கூடாது. பெண் உடம்பு ஓடித் தளர்ந்துவிடுமாம். அந்த மாதிரிக் கோடு ஒன்று அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரைக்கும் இருந்தது. கோடு தாண்டக்கூடாது என்ற விதி நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் நாம் பார்த்ததுதான். தலித் பெண்ணுக்கு இரண்டு கோடும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தேன் தடவிய பேச்சும் இருக்கிறது. 'தோட்டத்துப் புள்ளைங்க மலை ஏறி இறங்கிப் பழகினவங்க, அவங்களுக்கு இயற்கையாவே ஸ்டாமினா உண்டு' என்பார்கள். நம்மவர்களே பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உழைக்கவே பிறந்த உடம்பு என்று சொன்னவனும் இதைத்தான் சொன்னான். சரிவில் ஏறிய கால் ஏறும், அவ்வளவுதான். சமதளத்தில் சட்டென்று நின்று, ஒரு காலில் சுழன்று, குதித்து, விரல் நுனியால் பந்தை விடுவது பயிற்சியால் வருகிற வித்தை. 'உயரம் பத்தாது' என்று தள்ளுகிறவர்களுக்கும் இதே பதில். உயரத்தில் பெரும் பங்கு வயிற்றுக்குப் போனதைப் பொறுத்தது. ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்து வளர்ந்த பிள்ளையைப் பார்த்து உன் பரம்பரை குள்ளம் என்று சொல்வது அயோக்கியத்தனம். காலைச் சிற்றுண்டியும் முட்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டு அளக்கட்டும்.

ஜெயித்தால் மட்டும் சாதி விட்டுவிடுமா என்றால் அதுவும் இல்லை. பல்வங்கர் பாலு என்ற சமார் பந்துவீச்சாளர் 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போனவர். பூனாவில் அவர் பந்துவீச்சு வேண்டியிருந்தது, ஆனால் ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீர் பந்தலுக்கு வெளியே, தூக்கிப் போடுகிற மண்குவளையில். அந்தத் தேநீரைப் பறிப்பவர்களின் பேத்திகளைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனைப் பெண்ணா என்று சோதித்துப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோரின் மகள் சில வருஷத்தில் தானும் சூளைக்கு வேலைக்குப் போக வேண்டி வந்தது. 2021இல் டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்த ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால், அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று சாதி சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வியாம். இதையெல்லாம் பார்த்துவிட்டு எதற்கு வம்பு என்று ஒதுங்கினால், களம் முழுக்க அவர்களுக்கே.

பந்து ஒரு கேடா என்று தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி இடங்களிலும் உண்டு. ரயில்வே, போலீஸ் என்று அணிக்கென்றே ஆள் எடுக்கும் இடங்களும் உண்டு. இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியில் 2001 முதல் 2017 வரை ஆடித் தலைமையும் தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்ப்பவர். அந்த ஏணி உண்மையிலேயே இருக்கிறது. அதில் ஏறச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டி வேண்டும், போட்டிக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு நனையாத தரை வேண்டும். தரையை மறுத்தால் போதும், வேலையைத் தனியாக மறுக்கத் தேவையில்லை. எந்த அதிகாரியும் சாதிப்பெயரை உச்சரிக்காமலே அந்த 3 சதவீதத்திலிருந்து தோட்டத்துப் பெண் வெளியேற்றப்படுகிறாள்.

நிலம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓட இடம் விட்டால் பதினைந்து செண்டு. ஒரு ஹெக்டேர் என்பது 247 செண்டு. நட்டக் கணக்கு காட்டி டேன்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் முடிவு எடுத்த அரசு இது. கோப்புகளில் ஆயிரம் ஆயிரம் ஹெக்டேராகக் கைமாறுகிற மண்ணில் நம்ம பொண்ணுங்களுக்குப் பதினைந்து செண்டு கிடைக்காதா? தோட்ட முதலாளி தொழிலாளர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்து தருவதற்கு விதி வகுக்கலாம் என்று 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டம் பின்னால் 2020ஆம் வருஷத் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் ஒன்றுக்குள் கரைக்கப்பட்டது. பழைய சட்டம் இருந்த இத்தனை வருஷத்தில் உங்கள் எஸ்டேட்டில் அந்தப் பிரிவின் பெயரால் என்ன கட்டப்பட்டது என்று மாணவத் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். டேன்டீயின் முதலாளி அரசாங்கமே. பதில் சொல்லக் கடமைப்பட்ட முதலாளி.

நாம் கேட்க வேண்டியவை இவை. சேரம்பாடியிலோ பந்தலூரிலோ பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெண்களுக்கு நேரம் ஒதுக்கிய ஒரு கூரை போட்ட களம். பயிற்சி நாட்களில் லயன் வரைக்கும் கொண்டுவந்து விடுகிற வண்டி. அந்த நாட்களில் சாப்பாடு, சம்பளம் வாங்குகிற பெண் பயிற்சியாளர் ஒருவர், காலுக்குப் பொருந்துகிற ஷூ. கல்லூரிப் போட்டிகளின் முதல் சுற்று லீக் முறையில் நடக்க வேண்டும், எந்த அணியும் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பப்படக் கூடாது. மலைத் தாலுகாக்களின் போட்டிகளை மழை ஓய்ந்த பிறகு வைக்க வேண்டும். கடைசி இரண்டுக்கும் ஒரு பைசா அதிகம் செலவில்லை, பல்கலைக்கழகம் அட்டவணையைத் திருத்தினால் போதும். கோவையில் வருஷா வருஷம் கூடைப்பந்துக் கோப்பைகள் நடக்கின்றன. ஆண்கள் கோப்பைக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் பெயர், பெண்கள் கோப்பைக்குப் பம்பு கம்பெனி பெயர். கோப்பைக்குப் பெயர் வைக்கப் போட்டி இருக்கிற மாநிலத்தில் முதல் ஆட்டத்தில் தோற்றுப் பஸ் ஏறிய அணியின் பெயரைக் குறித்து வைக்க ஆளில்லை. அதை நாம் குறித்து வைப்போம்.

அடுத்த ஜூனில் கல்லூரி திறக்கும்போது, உங்கள் கல்லூரி அணியின் பன்னிரண்டு பேர் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அதில் லயனிலிருந்தும் சேரியிலிருந்தும் பணியர் குடியிலிருந்தும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அவர்கள் ஆகஸ்டில் எங்கே பழகினார்கள், முதல் ஆட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கு இரண்டாவது ஆட்டம் கிடைத்ததா என்று விசாரியுங்கள். அந்தக் கணக்கோடு துணைவேந்தரையும் கலெக்டரையும் போய்ப் பாருங்கள். கோப்பையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் இரண்டாவது ஆட்டம்.